பத்துப் பத்தாகக் குறைந்த கல்லா

பழைய கல்லா மெஷினைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவன் பிரகாஷ். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் பில்லிங் மெஷின் விற்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். கம்பெனி ஆண்டு மலர் போடப் போகிறதாம். "ஒங்கள மாரி சீனியர் எழுதுனாத்தான் சார் மலரு வெயிட்டா இருக்கும்" என்றான். சரி என்று தலையாட்டினேன். அத்தோடு அவன் போயிருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் காலத்து மெஷினு தப்பே பண்ணாதாமே சார்? ஃபுல்லா மெக்கானிக்கல், பக்கா! எங்க மெஷினுதான் நெட்டு போனா படுத்துக்குது" என்று சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. தப்பே பண்ணாது என்பதை ஒரு காலத்தில் நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காகிதம் ஒரு பெண்ணைத் திருடி ஆக்கியது. ஆகவே பிரகாஷ் தம்பி, நீ கேட்ட இனிப்பான கட்டுரை இது இல்லை. போடுவதானால் ஒரு வரி வெட்டாமல் போடு. முடியாதென்றால் வடை மடிக்கக் கொடுத்துவிடு, எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷின்கள் ஒழிந்ததில் எனக்கு எள்ளளவு வருத்தமும் கிடையாது. டவுனில் கடற்கரைப் பக்க ஓட்டல்களில் அதைப் பாலீஷ் போட்டு வாசலில் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பேத்தி ஒருநாள் என்னையும் நிற்கச் சொன்னாள். "போடி அப்பால" என்று வந்துவிட்டேன்.

என் ஊர் பாகூர். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு, டவுனில் தட்டச்சு மெஷின், கல்லா மெஷின் பழுது பார்க்கிற ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் மண்ணெண்ணெயும் பிரஷும்தான் கையில். மூன்றாம் வருஷம் ஸ்குரூ டிரைவர் கொடுத்தார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

மெஷின் எப்படி வேலை செய்யும் என்றுதானே கேட்டாய்? சொல்கிறேன். முன்பக்கம் ஆர்மோனியத்துக்கு இருப்பதுபோலக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு தொகை. பைசாக் கட்டைகள் ஒரு பக்கம், ஒன்று முதல் ஒன்பது ரூபாய் வரை நடுவில், பத்தும் அதற்கு மேலும் ஓரத்தில். ஏழு ரூபாய்க் கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனை உள்ளே மேலே ஏறும். ஏறுகிற முனை ஒரு கம்பியைத் தள்ளும். கம்பியின் தலையில் ஏழு என்று எழுதிய தகடு, மெஷின் உச்சியில் உள்ள கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நிற்கும். சாமான் வாங்குகிறவரும் பார்க்கலாம், எட்ட உட்கார்ந்திருக்கிற முதலாளியும் பார்க்கலாம். அடுத்த கட்டையை அழுத்தும் வரை அந்தத் தகடு இறங்காது. அதே அழுத்தலில் மணி அடிக்கும், கீழே பணப்பெட்டியின் பூட்டு விடுபட்டு ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். பாதி அழுத்திவிட்டுக் கையை எடுக்கலாம் என்றால் முடியாது. பல் வைத்த சட்டம் ஒன்று கட்டையைப் பிடித்துக்கொள்ளும். முழுசாக அழுத்தித்தான் தீர வேண்டும். கல்லாவில் உட்காருகிறவர் மேல் அதைச் செய்தவனுக்கு அவ்வளவு நம்பிக்கை!

இதெல்லாம் வெளியே தெரிகிற கூத்து. உண்மையான வேலை பூட்டிய மூடிக்குள்ளே நடக்கும். அங்கே ஒரே தண்டில் எண் சக்கரங்கள்: பைசாவுக்கு, ரூபாய்க்கு, பத்துக்கு, நூறுக்கு, ஆயிரத்துக்கு. ஏழு ரூபாய்க் கட்டை ரூபாய்ச் சக்கரத்தை ஏழு பல் நகர்த்தும். அந்தச் சக்கரம் ஒன்பதைத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வரும்போது, அதன் விலாவில் இருக்கிற நீண்ட பல் ஒன்று பக்கத்திலுள்ள பத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். ஒன்றே ஒன்றுதான். அதற்கு மேல் ஓடாமல் பிடிக்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கொக்கி உண்டு. நகத்தளவு எஃகு, அதன் பின்னால் மெல்லிய ஸ்பிரிங். சக்கரம் ஒரு பல் நகர்ந்ததும் கொக்கி பள்ளத்தில் விழுந்து நிறுத்திவிடும். கொக்கி ஒரு கணம் பிந்தி விழுந்தால் போச்சு, சக்கரம் போகிற வேகத்தில் இரண்டு பல் ஓடிவிடும். பத்து ஏற வேண்டிய இடத்தில் இருபது ஏறிவிடும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

சக்கரங்களின் மூடிக்கு ஒரே சாவி. அது முதலாளியின் அரைஞாணில் இருக்கும். கடை மூடும்போது அவர் திறந்து மொத்தத்தைப் படிப்பார், பெட்டியிலுள்ள பணத்தை எண்ணுவார், சக்கரங்களைப் பூஜ்யத்துக்குத் திருப்புவார். கல்லாவில் உட்கார்ந்த ஆள் அந்தச் சக்கரங்களைக் கண்ணால் பார்க்கவே முடியாது. மெஷின் சொன்னதுதான் கணக்கு.

எங்கள் ஏஜென்சி மேனேஜர் கனகசபை சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கூட்டுகிற அம்மாவைக்கூட "வாங்க, போங்க" என்பார். பழுது பார்த்த மெஷினை மேசையில் வைத்தால் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, விரலில் சுற்றி, சக்கரப் பல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். கைக்குட்டை கறுத்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார். மெஷினை நம் பக்கமாகத் திருப்பி வைப்பார், அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அப்படி வலிக்காது. அவருடைய சட்டம் மூன்று சொல்: துடை, எண்ணெய் விடு, எண்ணு. இந்த வரிசை மாறக்கூடாது. "அழுக்கோட டெஸ்ட் பண்றது, சாப்ட்டுட்டு சக்கரை டெஸ்டுக்குப் போற மாதிரிங்க" என்பார். பட்டாளத்துக்காரன் மாதிரி அந்த வரிசை என் கையில் ஏறிவிட்டது. யோசிக்காமலே கை செய்யும். என் கேடுகாலம் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

வில்லியனூர் பஜாரில் நடேசன் முதலாளியின் மளிகைக் கடை அந்த வட்டாரத்துக்கே பெரிசு. கடையில் இருந்தது பித்தளை மெஷின், பிரெஞ்சுக்காரன் காலத்தில் டவுனில் ஒரு துணிக்கடையில் இருந்தது. தகடுகளில் பிராங்க் என்று இருந்ததை அழித்து ரூபாய் எழுதி, கியாரண்டியோடு விற்றது எங்கள் ஏஜென்சிதான். முதலாளியின் பங்காளிகள் கடைகள் ஏழுக்கும் சர்வீஸ் கான்ட்ராக்டும் எங்களுக்கே.

கல்லாவில் உட்கார்ந்தவள் பிலோமினா. கரிக்கலாம்பாக்கத்துப் பெண், இருபது வயசு இருக்கும். அப்பா அந்தோணிக்கு நடவும் அறுப்பும் கூலி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, அவர்கள் தெருவிலிருந்து நாற்காலியில் உட்காருகிற வேலைக்குப் போன முதல் ஆள் அவள். அது பஜாரில் பல பேருக்குக் கண்ணில் முள். முதலாளி என்னவோ பெரிய மனசு பண்ணி வைத்துக்கொண்டார் என்று நினைக்காதே. ஆம்பளைக்குக் கொடுப்பதில் பாதி கொடுத்தால் போதும், அதுதான் சங்கதி. கணக்கில் புலி அவள். கட்டை அழுத்தும் முன்னால் வாய் மொத்தத்தைச் சொல்லிவிடும்.

ஆயுத பூஜை வந்தது. தராசு, படிக்கல், வெல்லம் உடைக்கிற சம்மட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள், தெரியும்தானே? முதலாளிக்கு மெஷின் என்றால் லட்சுமி. அதற்குப் பொட்டு போதாது, அபிஷேகமே நடக்கும். கரைத்த சந்தனத்தை அள்ளி உச்சியிலிருந்து பூசுவார், அதன் மேல் குங்குமம், அதன் மேல் விபூதி, கட்டைகள் மேல் பொரி. ஒரு கடையில் மெஷினுக்குள்ளிருந்து நான் அரைப்படி பொரி எடுத்திருக்கிறேன், பொய்யில்லை. ஈரச் சந்தனம் தகட்டு இடுக்கில் வழிந்து உள்ளே இறங்கும். காய்ந்தால் செங்கல். எண்ணெயோடு சேர்ந்தால் பிசின்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு தீபாவளி வியாபாரம். கூட்டம் நெருக்க, கட்டைகளைத் தட்டு தட்டென்று தட்ட வேண்டியிருக்கும். அந்த நாட்களில்தான் பிலோமினாவின் கல்லாவில், மெஷின் காட்டிய மொத்தத்தைவிடப் பணம் குறைய ஆரம்பித்தது. முதல் நாள் பத்து ரூபாய், மறுநாள் இருபது, பிறகு பத்து, பிறகு முப்பது. இன்றைக்குப் பத்து ரூபாய்க்கு ஒரு டீ வராது. அன்றைக்கு அது அவளுடைய ஒரு நாள் சம்பளத்துக்கும் மேலே.

முதலாளி அவளைப் போகச் சொல்வதற்கு முன்னால், அவர் பாஷையில் 'நியாயமாக' ஒரு காரியம் செய்தார். ஏஜென்சிக்கு ஆள் அனுப்பி மெஷினைச் சோதிக்கச் சொன்னார். மெஷின் கோளாறு என்று வந்தால் அவளுக்கு வேலை நிலைக்கும். மெஷின் சரி என்று வந்தால் அவள் திருடி. இதை என்னிடம் அவரே சொன்னார், அவளை வைத்துக்கொண்டே. அனுப்பப்பட்டவன் நான்.

மத்தியானம் கூட்டம் குறைந்த நேரம். மெஷினின் பின் தகட்டைக் கழற்றினேன். பத்துச் சக்கரத்தின் கொக்கிக்கு அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி, பட்டாணி அளவு. ஸ்பிரிங்கின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்தபோதே கை மண்ணெண்ணெய்ப் பிரஷை எடுத்துவிட்டது. துடை, எண்ணெய் விடு, எண்ணு. கட்டியைச் சுரண்டித் துணியில் வழித்தேன், கொக்கியைக் கழுவினேன், எண்ணெய் விட்டேன், அதற்கப்புறம்தான் கட்டைகளைத் தட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். ஐந்நூறு முறை தட்டியிருப்பேன். ஒரு பைசா பிசகவில்லை. பிசகுமா? பிசகுக்குக் காரணத்தைத்தான் துணியில் சுருட்டி வைத்தாயிற்றே!

முதலாளி சாப்பிட உள்ளே போனதும் பிலோமினா கிட்டே வந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததை நீட்டினாள்.

"சார், இத்த பாருங்க சார். எந்தத் தேதியில எவ்ளோ கொறைஞ்சிதுன்னு எழுதிக்கினு வந்துருக்கேன். பத்து, இருபது, பத்து, முப்பது. ஒருநாளாச்சும் அஞ்சு, ஏழுன்னு கொறைஞ்சிதா பாருங்க. எடுக்கறவ பத்து பத்தாதான் எடுப்பாளா சார்?"

அந்தப் பெண்ணுக்கு மெஷினின் உள்ளே ஒரு ஆணியும் தெரியாது. வெறும் தாளை வைத்துக்கொண்டே கோளாறு எங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிட்டாள். பத்துச் சக்கரம் தாவினால் பத்துப் பத்தாகத்தானே குறையும்!

"பூஜை அன்னிக்கே சொன்னேன் சார், சந்தனம் உள்ள எறங்குது மொதலாளின்னு. 'இன்னாடி, ஒங்க சாமி இல்லன்னு எரியுதா'ன்னாரு. அப்புறம் நான் வாயத் தொறக்கல."

"ரிப்போர்ட்டு நாளைக்கு வரும்மா. கவலைப்படாத" என்றேன். கவலைப்படாதே என்று நான்தான் சொன்னேன். அவள் முகம் தெளிந்ததையும் நான்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை கனகசபை சார் மேசையில் ரிப்போர்ட்டையும் துணியையும் வைத்தேன். பத்துச் சக்கரக் கொக்கியில் சந்தனக் கட்டி இருந்தது, வேகமாகத் தட்டினால் பத்து ரூபாய் கூடுதலாக ஏறியிருக்க வாய்ப்பு உண்டு என்று எழுதியிருந்தேன். அவர் துணியைப் பிரித்தார், மோந்து பார்த்தார்.

"நல்ல சந்தனம்" என்றார். "சரி, கூடுதலா ஏறினதை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார். தொடைச்சிட்டேன்."

"தொடைச்சப்புறம் என்ன பாத்தீங்க?"

"சரியா கூட்டுது சார்."

"அப்ப அதை எழுதுங்க. பாத்ததை எழுதணும். நெனச்சதை எழுதக் கூடாது." பேனாவை எடுத்து என் வாக்கியத்தின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஸ்கேல் வைத்து! "பூஜை பண்ணதால மெஷின் கெட்டுதுன்னு அந்த மனுஷனுக்கு எழுதிக் குடுத்தா அவர் சாமியைக் குத்தம் சொன்ன மாதிரிங்க. ஏழு கடை கான்ட்ராக்ட் போயிடும். கியாரண்டியும் நம்ம தலையில விடியும்."

"அந்தப் பொண்ணு சார்…"

"அவங்களைப் பத்தி நாம ஒண்ணுமே எழுதலையே? மெஷினைப் பத்தித்தானே எழுதறோம்." பேனாவை மூடி வைத்தார். "ஒங்க வேலை நிரந்தரம் ஆகிற ஆர்டர் டிராயர்லதான் இருக்கு. இந்த மாசம் கையெழுத்து போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார், அதே மெல்லிய குரலில்.

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. அவர் மிரட்டுகிறவர் இல்லை. எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. இதையெல்லாம் சாக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், சாக்குதான். புதுத் தாளில் எழுதினேன்: இயந்திரம் முழுமையாகச் சோதிக்கப்பட்டது, கூட்டலில் பிழை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். ஸ்டாம்பு குத்தினேன். துணி அவருடைய குப்பைக் கூடைக்குப் போயிற்று.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். முதலாளி அதைக் கடை நடுவில் நின்று உரக்கப் படித்தார். பொட்டலம் மடிக்கிற ஆட்கள், வாங்க வந்தவர்கள், எதிர்க்கடைக்காரர் எல்லாரும் கேட்டார்கள். அந்தோணியை ஏற்கெனவே வரவழைத்திருந்தார். அந்த மனிதர் கடைக்குள் ஏறாமல் வெயிலில் நின்றார், துண்டு கக்கத்தில்.

"அந்தோணி, போலீசுக்குப் போவல. ஒன் மூஞ்சிக்காவ விடறேன். இந்த மாசச் சம்பளம் கெடையாது, இஸ்துக்குனு போ" என்றார் முதலாளி.

"நான் எடுக்கல" என்றாள் பிலோமினா. ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார். பத்து பத்தா கொறைஞ்சிதுன்னு காட்டுனேனே. சொல்லுங்க சார்."

என் டூல்ஸ் பெட்டியின் கொண்டியை மாட்டிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். நிமிரவில்லை. தூ, என்ன ஜென்மம்! அவள் படியிறங்கிப் போனபிறகும் நான் கொண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாசம் என் வேலை நிரந்தரமாயிற்று. சக்கரைப் பொங்கல் செய்து தெருவுக்கே கொடுத்தாள் என் மனைவி.

அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது, தீபாவளி வந்தது. இப்போது கல்லாவில் முதலாளியின் மருமகன். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலாளியே ஏஜென்சிக்குப் போன் போட்டார். "மெஷினுக்குப் பேய் புடிச்சிருக்குய்யா, நேத்து நாப்பது ரூபா ஜாஸ்தி காட்டுது, சீக்கிரம் ஆள அனுப்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். கவனித்தாயா? இந்தத் தடவை பணம் குறையவில்லை. மெஷின் ஜாஸ்தி காட்டியது! பிலோமினா உட்கார்ந்திருந்தபோது கல்லா குறைந்தது, மாப்பிள்ளை உட்கார்ந்தபோது மெஷின் கூடியது. கோளாறு என்னவோ அதே கோளாறுதான்.

நான் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையை மாற்றினேன். பிரஷைத் தொடவே இல்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, அழுக்கோடு இருந்த மெஷினை அப்படியே தட்டினேன். மெதுவாகத் தட்டினால் சரியாகக் கூட்டியது. தீபாவளி வேகத்தில் தட்டினேன். மூன்று நான்கு தடவைக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு மேல் ஒன்று சேர்த்தால் பத்து வரவில்லை, இருபது வந்தது. முதலாளியின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"அட, ஆமாய்யா! நல்லகாலம், மாப்புளைய நாங்க யாரும் ஒரு வார்த்தை கேக்கல" என்றார்.

அவர் கையை நான் இன்னும் விடவில்லை. "மொதலாளி, போன வருஷமும் இதே கோளாறுதான் இருந்திருக்கணும். அந்தப் பொண்ணு…"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன வருஷம் நீதான எழுதிக் குடுத்த, மெஷினு சரின்னு? ஒன் கையெழுத்துதான அது? பீரோவுல வச்சிருக்கேன், எடுக்கட்டுமா?"

மருமகன் கொட்டாவி விட்டான். நான் பிரஷை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்ய? அந்த வருஷ ரிப்போர்ட்டில் கொக்கியில் சந்தனம், கூடுதலாக ஏறுகிறது என்று எழுதினேன். கனகசபை சார் ஸ்கேலை எடுக்கவில்லை. இது முதலாளியின் வீட்டு ஆள் சம்பந்தப்பட்டது. அங்கே சாமிக் குற்றம் எதுவும் வரவில்லை.

போன மாசம் பைபாஸ் ரோட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு வாங்கப் போனேன். பில் போடுகிற பெண்ணிடம் சூப்பர்வைசர், "சிஸ்டத்துல காட்டுதும்மா, நான் இன்னா பண்றது, சம்பளத்துல புடிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சோப்பை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிரகாஷ், அது உங்கள் கம்பெனி மெஷினா என்று எனக்குத் தெரியாது. நீயும் தெரிந்துகொள்ளாமல் இருக்காதே.

கதைக்கு வருகிறேன். இரண்டாவது ரிப்போர்ட்டின் கார்பன் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரிக்கலாம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். பூசை முடிந்து ஆட்கள் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "கல்லாவுல எடுத்துச்சே, அந்தப் பொண்ணு வூடா?" என்று ஒரு கிழவர் வழி காட்டினார்.

பிலோமினா கறுத்து இளைத்திருந்தாள். கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண், மஞ்சள் வைத்திருந்தாள். நடவுக்குப் போகிறாளாம். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து எழுந்து நின்றாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காகிதத்தை நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"அப்பா! இங்க வா. வந்து இத்த கேளு" என்று கூப்பிட்டாள். அந்தோணிக்கு எழுத்து தெரியாது. "நீங்களே படிங்க சார். நான் படிச்சா நம்ப மாட்டாரு" என்றாள். நான் படித்தேன். சந்தனத்தையும் கொக்கியையும் விளக்கிச் சொன்னேன். அந்த மனிதர் அப்படியே தரையில் குந்திவிட்டார். "அம்மாடி, நானே ஒன்ன கேட்டனே… நானே கேட்டுட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி வூட்டுக்கு வந்ததும், 'நெசமா சொல்லு, எடுத்தியா'ன்னு கேட்டாரு சார்" என்றாள் அவள். "அவுரு இன்னா பண்ணுவாரு. மெஷினு சரின்னு சீல் குத்தி இருந்துச்சே. ஒரு வருசமா எங்க ரெண்டு பேருக்கும் சரியா பேச்சு இல்ல."

"பஜார்ல நான் வேணா சொல்லிப் பாக்கட்டுமா?" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"வேணாம் சார். அங்க யாரு இத்த கேக்கப் போறா? அந்தப் படிய நான் இனிமே மிதிக்கப் போறதும் இல்ல. எங்கப்பா கேட்டாரு பாருங்க, அது போதும்." காகிதத்தை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்: "சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"போன வருசம் தொறந்தீங்களே, அப்ப அந்தச் சந்தனம் உள்ள இருந்துச்சா? நீங்க பாத்தீங்களா?"

அந்தோணியும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது அதைச் சொல்லத்தானே? வாய் திறந்து வந்த சொல் வேறு.

"இல்லம்மா. அப்ப ஒண்ணும் கண்ணுல படல. இந்த வருஷம்தான் தெரிஞ்சிது."

அவள் பெருமூச்சு விட்டாள். கண் கலங்கிவிட்டது. "நான் ஒரு பாவி சார். நீங்க தெரிஞ்சேதான் எழுதிட்டீங்கன்னு நெனச்சிக்கினு ஒரு வருசமா ஒங்கள சபிச்சிக்கினு இருந்தேன். ஒங்க குடும்பத்தையும் சேத்து. போன வாரம் பாவசங்கீர்த்தனத்துல கூட சாமியாருகிட்ட சொன்னேன். தப்பு பண்ணாத மனுசன சந்தேகப்பட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? என்ன மன்னிச்சிக்குங்க சார்."

உள்ளே போய்க் காப்பி கொண்டு வந்தாள். வீட்டில் இருந்த ஒரே எவர்சில்வர் டம்ளர் அதுவாகத்தான் இருக்கும். குடித்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்தோணி கூடவே வந்து ஏற்றிவிட்டார்.

அதற்கப்புறம் வருஷக்கணக்காக நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை போனேன். வயலெல்லாம் மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். அவர்கள் காலி பண்ணிக்கொண்டு போய் வெகுநாள் ஆகிறது, எங்கே என்று தெரியாது என்றார்கள். அதனால்தான் உன் மலருக்கு எழுத ஒப்புக்கொண்டேன், பிரகாஷ். கடை கடையாகப் போகுமாம், ஆயிரம் பேர் கையில் இருக்குமாம். ஏதாவது ஒரு கடையில் அவளோ அவள் பிள்ளைகளோ புரட்டிப் பார்க்கக் கூடும்.

பிலோமினா, நீ அநியாயமாக யாரையும் சபிக்கவில்லை. அந்தச் சந்தனக் கட்டியை என் கையால்தான் சுரண்டி எடுத்தேன். நீ காலண்டர் தாளைக் காட்டியபோதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். நீ மன்னிப்புக் கேட்டிருக்கவே கூடாது, அம்மா.